எல்லோருக்கும் ஒரே டிரில்: பகிர்வுக் குழுவின் பணிமேசைக் குறிப்புகள்

வீட்டுக்கு வீடு சும்மா கிடக்கும் சாமான்களைக் குடியிருப்பு முழுவதும் பகிர்ந்துகொள்ளலாம் என்று முடிவானதும் முதலில் கணக்கெடுத்தோம். யாரிடம் என்ன இருக்கிறது, அதில் எதைக் கொடுக்க மனம் வருகிறது என்று இரண்டே கேள்விகள். டிரில்லிங் மெஷின் ஏறக்குறைய இரண்டு வீட்டுக்கு ஒன்று என்று வந்தது. நீளமான ஏணி மொத்தக் குடியிருப்புக்கும் ஒன்றே ஒன்று. கேட்பவர்களின் பட்டியலோ தலைகீழ். ஏணிக்கு எப்போதும் ஆள் இருக்கும். டிரில் எப்போதாவதுதான் தேவைப்படும், ஆனால் அன்றைக்கு அவசரமாகத் தேவைப்படும்.

ஒரு டிரில்லிங் மெஷின் தன் ஆயுளில் மொத்தமாகக் கால் மணி நேரம்கூட ஓடுவதில்லை என்று பகிர்வைப் பற்றிப் பேசுபவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அதையே எடுத்துக்கொள்வோம். பத்து வீட்டு டிரில்களுக்குப் பதில் ஒரே டிரில் பத்து வீட்டுக்கும் போனால், ஒரு வீட்டில் ஆயுள் முழுக்க ஓட வேண்டிய நேரத்தை அது பத்தில் ஒரு பங்கு காலத்திலேயே ஓடிவிடும். பகிரும் பொருள் வேகமாக வயதாகும். இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை.

யோசனை ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் பெர்க்லி நகர நூலகம் 1979 முதலே புத்தகங்களோடு கருவிகளையும் இரவல் கொடுக்கிறது. இணையம் வந்த பிறகு 2003இல் அரிசோனாவின் டூசான் நகரில் ஃப்ரீசைக்கிள் தொடங்கியது. 2013இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் 'பை நத்திங்' (எதையும் வாங்காதே) குழு தொடங்கியது. ஆனால் இவை இரண்டும் முதன்மையாகக் கொடுத்துவிடுவதற்கானவை. பொருள் கை மாறியதும் கொடுத்தவருக்கு வேலை முடிந்தது. இரவலில் பொருள் திரும்பி வர வேண்டும், வரும்போது வேலை செய்யவும் வேண்டும். யாரிடம் இருக்கிறது என்று தேடித் தருவதை இணையம் பார்த்துக்கொள்ளும். தேய்ந்த பாகத்தை மாற்றுவதற்கு ஓர் ஆள் உட்கார வேண்டும். எங்கள் குடியிருப்பில் அந்த ஆள் பெரும்பாலும் நான். அதனால் இந்தப் பதிவில் செயலியைப் பற்றிக் கொஞ்சமும் ஸ்குரூ டிரைவரைப் பற்றி நிறையவும் இருக்கும்.

தாள்

செயலிகள் சிலவற்றைப் பார்த்தோம். புதிதாக ஒன்றை இறக்கிப் பதிவு செய்யச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்பதால் எல்லோர் கையிலும் ஏற்கெனவே இருக்கும் வாட்ஸ்அப் குழுவும், இணையத்தில் எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு விரிதாளும் போதும் என்று விட்டுவிட்டோம்.

விரிதாளில் ஒரு பொருளுக்கு ஒரு வரி. எண், பெயர், உரியவர், இப்போது யாரிடம், எப்போது திரும்பும், என்ன நிலை. இதில் உயிர்நாடி 'இப்போது யாரிடம்' என்ற கட்டம்தான். அது நிரப்பப்படாவிட்டால் மற்ற கட்டங்கள் எத்தனை இருந்தும் பயனில்லை. யாரும் விரிதாளைத் திறந்து நிரப்பமாட்டார்கள் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. பொருள்களை எண்ணிட்ட பைகளில் போட்டு, ஒவ்வொரு பையிலும் ஒரு க்யூஆர் குறியீட்டை ஒட்டினோம். கைப்பேசியை அதன்மேல் காட்டினால் சின்னப் படிவம் திறக்கும்: பெயர், எடுக்கிறேனா திருப்புகிறேனா, பழுது உண்டா. அனுப்பினால் தாளில் தானாக ஏறிவிடும்.

குழுவில் கேட்கும் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. "யாரிடமாவது டிரில் இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் வேறு யாராவது பதில் சொல்வார்கள் என்று எல்லோரும் இருந்துவிடுகிறார்கள். "பை 4, சனிக்கிழமை காலை, செங்கல் சுவரில் அலமாரி மாட்ட" என்று எழுதினால் பதில் உடனே வருகிறது. பொருளின் எண்ணைச் சொன்னால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பது தெளிவு. வேலையைச் சொன்னால் எந்த பிட் (துளையிடும் முனை) தேவை என்பதும் தெளிவு. "ஊருக்குப் போகிறோம், வீடு பூட்டியிருக்கும், சாவியை மேல்வீட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற மாதிரிச் செய்திகளைக் குழுவில் போட வேண்டாம் என்றும் ஒரு விதி உண்டு. அதற்கு விளக்கம் தேவையில்லை.

பை 4

டிரில் திரும்பி வந்தபோது படிவத்தில் எழுதியிருந்தது: "ஓடுகிறது, ஆனால் விட்டு விட்டு ஓடுகிறது. உள்ளே நீல வெளிச்சம் தெரிகிறது." பழுதைச் சொல்ல இதைவிட நல்ல வாக்கியம் கிடைக்காது. 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தால் வயரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டியிருக்கும்.

ஆனாலும் வயரைத்தான் முதலில் பார்த்தேன். மின்வயர் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் உறை முடியும் புள்ளியில்தான் அது அதிகம் வளையும். பலரும் வயரை மெஷின்மேல் இறுக்கிச் சுற்றி வைப்பதால் உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுபடும். பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, கைப்பிடியின் மூடியை மட்டும் திறந்து, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை பிளக்கின் பின்னிலும் மறுமுனையை உள்ளே வயர் வந்து சேரும் இடத்திலும் தொட்டபடி வயரை வளைத்துப் பார்த்தேன். 'பீப்' ஒலி விடாமல் வந்தது. வயர் நன்றாக இருக்கிறது.

அடுத்து கார்பன் பிரஷ். மோட்டாரில் சுற்றும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுபோவது இந்த இரண்டு கரித்துண்டுகள்தான். பின்னால் ஒரு ஸ்பிரிங் தள்ள, செம்புப் பட்டைகள் கொண்ட கம்யூட்டேட்டர்மேல் உரசிக்கொண்டே இருக்கும். தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. சில மெஷின்களில் பக்கவாட்டில் இரண்டு பிளாஸ்டிக் மூடிகள் இருக்கும், திருகினால் பிரஷ் வெளியே வந்துவிடும். இதில் அந்த வசதி இல்லை. முழு உறையையும் பிரிக்க வேண்டும். திருகாணிகள் ஒரே நீளத்தில் இருக்காது என்பதால், எது எங்கிருந்து வந்தது என்று ஓர் அட்டையில் மெஷினின் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தேன். உறையைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன். ஸ்விட்சின் வயர்கள் எந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தன என்பது மூடும்போது மறந்துபோகும். மறந்தால் உறைக்கு இடையில் வயர் நசுங்கும்.

உள்ளே சிமெண்ட் தூள் அப்பிக் கிடந்தது. பிரஷ்களில் ஒன்று 5 மில்லிமீட்டர்கூட இல்லை. மற்றொன்றில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இந்த அளவுக்குத் தேய்ந்துவிட்டால் ஸ்பிரிங்கின் அழுத்தம் போதாமல் பிரஷ் துள்ளும். துள்ளும் ஒவ்வொரு முறையும் பொறி பறக்கும். அந்த நீல வெளிச்சம் இதுதான். மோட்டார் ஓடும்போது சின்னச் சின்னப் பொறி இருப்பது இயல்பு. கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினால்தான் நிறுத்த வேண்டும்.

ஒன்று மட்டும்தான் தேய்ந்திருக்கிறது என்று ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். வாங்கும்போது மெஷினின் மாடல் எண் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் பிரஷின் அகலம், தடிமன், ஸ்பிரிங்கின் வகை மூன்றையும் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். கொஞ்சம் பெரிதாக இருந்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். சிறிதாக இருந்தால் உள்ளே ஆடும், வாங்கவே கூடாது.

கம்யூட்டேட்டர் கறுத்திருந்தது. அதைச் சுத்தம் செய்ய எமரி தாளை எடுக்காதீர்கள். எமரித் துகள் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. செம்புப் பட்டைகளின் இடைவெளிகளில் போய் உட்கார்ந்தால் பட்டைக்குப் பட்டை குறுக்குவழி உண்டாகிவிடும். மரத்துக்குப் போடும் மிக நைசான சாதாரண உப்புத்தாள் போதும். ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, மோட்டாரைக் கையால் சுற்றிக்கொண்டே லேசாகப் பிடித்தால் செம்பின் நிறம் திரும்பும். பளபளவென்று மின்ன வேண்டியதில்லை. பிறகு ஒரு பல்குச்சியால் இடைவெளிகளை ஒவ்வொன்றாகக் கீறித் தூளை வெளியேற்றி, தூரிகையால் தட்டிவிட்டேன். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். தொலைபேசியில் பேசிக்கொண்டே செய்ய ஏற்ற வேலை என்றும் சொல்லலாம்.

புது பிரஷின் முனை தட்டையாக இருக்கும், கம்யூட்டேட்டரோ வட்டம். இரண்டும் பொருந்த நேரம் பிடிக்கும். அதனால் மூடியதும் சுவரில் வைத்து அழுத்திவிடாமல் சுமையே இல்லாமல் மெதுவாகச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, பிறகு வேகத்தைக் கூட்டினேன். முதலில் பொறி கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது, போகப்போக அடங்கியது. மிச்சமிருந்த பழைய பிரஷைப் பையிலேயே ஒரு சின்ன உறையில் போட்டு வைத்தேன், அடுத்த முறை அளவு காட்ட.

பழுது இதோடு தீர்ந்தது, காரணம் தீரவில்லை. பையில் இருந்த 6 மில்லிமீட்டர் பிட்டின் முனையைத் தடவிப் பார்த்தால் உருண்டையாக இருந்தது. மழுங்கிய பிட்டால் துளை போடுபவர் இன்னும் பலமாக அழுத்துவார், மோட்டார் திணறும், மின்சாரம் அதிகம் இழுக்கும், பிரஷ் சூடேறித் தேயும். பிட்டை வாங்கித் தர வேண்டியது யார் என்று யாரும் பேசியிருக்கவில்லை. இப்போது பேசி முடிவாகிவிட்டது: மெஷின் பொது, பிட் அவரவருடையது. உப்புத்தாள், பசை, ராவல் பிளக் (திருகாணி பிடிக்கத் துளைக்குள் செருகுவது) எல்லாவற்றுக்கும் இதே விதி. தேயும் பொருளைப் பொதுவில் வைத்தால் அது எப்போதும் தேய்ந்த நிலையில்தான் இருக்கும்.

பையில் ஒரு பிளாஸ்டிக் உறைத் தாளும் சேர்ந்தது. அதில் எழுதியிருப்பவை: செங்கல், கான்கிரீட் சுவருக்குச் சுத்தியல் படம் உள்ள நிலை. டைல்ஸுக்கு அந்த நிலை கூடவே கூடாது, டைல் விரியும்; டேப்பைக் குறுக்காக ஒட்டி, அதன்மேல் மெதுவாகத் தொடங்கி, டைலைத் தாண்டிய பிறகு வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். ஸ்விட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் பக்கவாட்டிலும் துளை போடாதீர்கள், வயர் பெரும்பாலும் அந்த நேர்க்கோட்டில்தான் போகும். எவ்வளவு ஆழம் வேண்டும் என்று பிட்டில் ஒரு டேப் துண்டைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். கடைசி வரி தடித்த எழுத்தில்: வயரை மெஷின்மேல் சுற்றாதீர்கள், தளர்வான வளையமாக மடியுங்கள்.

ஏணியும் வயரும்

ஏணியில் ரிப்பேர் என்று ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் கூடாது. கால்களின் ரப்பர் தேய்ந்திருந்தது, அதே அளவில் புதிது மாட்டினோம். படி வளைந்தால், பக்கச் சட்டம் நெளிந்தால் தட்டி நிமிர்த்தாமல் ஒதுக்கிவிட வேண்டும். மர ஏணி ஒன்றைத் தருவதாக ஒருவர் முன்வந்தார், அழகாகப் பெயிண்ட் அடித்திருந்தது. வாங்கவில்லை. பெயிண்டுக்கு அடியில் விரிசல் இருந்தால் தெரியாது. மர ஏணிக்கு நிறமற்ற வார்னிஷ்தான் சரி. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

சுவரில் சாய்க்கும் ஏணிக்கு நான்குக்கு ஒன்று என்ற கணக்கு உண்டு: ஏணி சுவரைத் தொடும் உயரம் 4 மீட்டர் என்றால் அடிப்பகுதி சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தரையோடு சுமார் 75 பாகை கோணம் வரும். இதை ஏணியின் பக்கச் சட்டத்திலேயே பெயிண்டால் எழுதிவிட்டேன், படிக்காமல் ஏற முடியாத உயரத்தில்.

எக்ஸ்டென்ஷன் வயர் சுருளில் மறைந்திருக்கும் ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. உருளையில் சுற்றியிருக்கும் வயரில் தேவையான நீளத்தை மட்டும் இழுத்துவிட்டு, மிச்சத்தைச் சுருளாகவே வைத்து, அதில் ஹீட்டர் போன்ற அதிகச் சுமையை மாட்டினால், சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறும். உறை உருகி ஒட்டிக்கொள்ளும். முழுவதும் பிரித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். எங்கள் சுருளில் இரண்டு அடுக்குகள் லேசாக ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் வெட்டி எறிந்தோம். ஒட்டிய வயரைப் பிரித்து டேப் சுற்றிக் கொடுப்பது பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்யும் உதவி ஆகாது.

திறமையைப் பகிர்வது

பொருளைவிட இதுதான் சிக்கல். கணக்கு வைக்கலாமா என்று முதலில் பேச்சு வந்தது. முன்மாதிரிகள் இருக்கின்றன. 1983இல் கனடாவின் கோமாக்ஸ் பள்ளத்தாக்கில் மைக்கேல் லின்டன் தொடங்கிய லெட்ஸ் முறையில் கையில் காசில்லாமலே ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் செய்யும் வேலையைப் பற்று வரவாக எழுதிக்கொண்டார்கள். எட்கர் கான் வகுத்த நேர வங்கியில் யார் என்ன செய்தாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரே மதிப்பு. வக்கீலின் ஒரு மணியும் தோட்ட வேலைக்காரரின் ஒரு மணியும் சமம். படிக்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குபவர்களிடையே பேரேடு வைத்தால், "எனக்கு இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி" என்ற பேச்சு வரும். வேண்டாம் என்றேன், பலரும் ஒப்புக்கொண்டார்கள்.

கணக்கே வேண்டாம் என்றதும் வேறொரு பக்கம் இடித்தது. இரண்டாம் மாடியில் ஓர் எலெக்ட்ரீஷியன் இருக்கிறார். குழு தொடங்கியதும் அவருக்குத்தான் அதிக அழைப்பு. "தம்பி, ஒரு நிமிடம் வந்து பார்த்துவிட்டுப் போ" என்பார்கள். அந்த ஒரு நிமிடம் மதியம் வரை நீளும். அவருக்கு அது பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. டிரில்லை இரவல் கொடுத்தால் டிரில் திரும்பி வரும், அவருடைய மதியம் திரும்பி வராது. அவர் குழுவில் எதுவும் சொல்லவில்லை. கைப்பேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார். பிறகு வைத்த விதி இன்றும் மாறவில்லை: சொல்லிக் கொடுப்பது இலவசம், செய்து கொடுப்பதற்குக் கூலி. தொழிலாகச் செய்பவரிடம் வேலை கேட்டால், கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வரிக்குப் பிறகு அவரே மாதம் ஒரு மாலை பிளக் மாட்டக் கற்றுத் தர வருகிறார்.

கற்றுத் தரும் மாலைக்கு மாதிரி, 2009இல் மார்ட்டினே போஸ்ட்மா ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ரிப்பேர் கஃபே. பழுதான பொருளை விட்டுவிட்டுப் போய் நாளைக்கு வாங்கிக்கொள்ளும் இடமல்ல அது. பொருளுக்கு உரியவரும் மேசையில் கூடவே உட்கார வேண்டும்.

அப்படி ஒரு மாலையில் வந்த தையல் மெஷினைச் சொல்ல வேண்டும். தைத்தால் துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கிக்கொள்கிறது. கொண்டுவந்த இளைஞர் கீழ் நூல் சுற்றிய பாபினைக் கழற்றி, மாற்றி, அதன் கூட்டிலுள்ள சின்னத் திருகாணியையும் திருகிப் பார்த்திருந்தார். சிக்கல் கீழே தெரிவதால் கோளாறும் கீழேதான் என்று எண்ணுவது இயல்பு. தையல் தெரிந்த மூன்றாம் மாடி அக்கா மெஷினைத் தொடவே இல்லை. "மேல் நூலை எடுத்துவிட்டு என் கண்முன்னால் திரும்பக் கோர்த்துக் காட்டு" என்றார். இளைஞர் கோர்க்கத் தொடங்கியதும், "அங்கேதான். ஃபுட்டைத் தூக்கு" என்றார் அக்கா.

துணியை அழுத்தும் ஃபுட் கீழே இறங்கியிருந்தால் மேல் நூலைப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுக மூடியிருக்கும். அப்போது கோர்த்தால் நூல் தட்டுகளுக்கு நடுவே இறங்காமல் மேலாகவே போய்விடும். இழுவிசையே இல்லாமல் மேல் நூல் தாராளமாகக் கீழே பாய்ந்து கொத்தாகும். ஃபுட்டைத் தூக்கிவிட்டுக் கோர்த்தால் தட்டுகள் திறந்திருக்கும், நூல் தன் இடத்தில் உட்காரும். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க அக்கா சொன்ன வழி: ஃபுட்டை இறக்கிவிட்டு ஊசிப் பக்கம் நூலை இழுத்துப் பார், கை உணரும்படி இழுவை வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் மறுபடி கோர். ஊசியையும் பார்த்தார். தடித்த துணிக்கு மெல்லிய 75/11 ஊசி போட்டிருந்தது. 90/14 மாட்டச் சொன்னார். இந்த எண்ணில் 90 என்பது ஊசித் தண்டின் குறுக்களவு 0.90 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கிறது. எனக்கும் அன்றுதான் தெரியும். திருகிக் கலைத்த பாபின் திருகாணியைச் சரிசெய்யத்தான் அதிக நேரம் ஆனது.

கொடுக்காதவை

சில பொருள்களைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஹெல்மெட்டும் காரில் குழந்தைக்குப் பொருத்தும் இருக்கையும் முதலில். இரண்டும் ஒரு பலமான அடியைத் தாங்கிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே பலமிழந்திருக்கலாம். பல கை மாறும் பொருளுக்கு அந்தச் சரித்திரம் யாருக்கும் தெரியாது. சங்கிலி ரம்பம் வேண்டாம். மருந்து வேண்டவே வேண்டாம்.

மின்சாரப் பொருள்களில் ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைச் சதுரக் குறி உள்ளவற்றைத் தயக்கமில்லாமல் எடுத்துக்கொள்கிறோம். அவை இரட்டைக் காப்பு கொண்டவை, எர்த் வயர் தேவையில்லாதவை. உலோக உடல் கொண்டு, எர்த்தை நம்பியிருப்பவை என்றால் பிளக்கின் எர்த் பின்னிலிருந்து உடல் வரை தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்த்த பிறகே எண் ஒட்டுவோம். வெளியில், ஈரமான இடத்தில் பயன்படுத்த வேண்டியிருந்தால் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு அந்த வீட்டில் இருக்க வேண்டும். இல்லாத வீட்டுக்கு அந்தப் பொருள் போகாது. இதில் முகதாட்சண்யம் பார்ப்பதில்லை.

இப்போது விவாதத்தில் இருப்பது ஒரு பேட்டரி டிரில். கொடுக்க விரும்புகிறவர் தாராள மனசுக்காரர், மெஷினும் புதிது. என் தயக்கம் பேட்டரியைப் பற்றியது. கார்பன் பிரஷ் தேய்ந்தால் திறந்து அளந்து பார்க்கலாம், லித்தியம் அயான் பேட்டரி தேய்வது கண்ணில் படாது. முழுச் சார்ஜில் வெப்பமான இடத்தில் கிடந்தாலும் அதன் ஆயுள் குறையும், அடியோடு காலியாகிக் கிடந்தாலும் கெடும். சும்மா வைக்கும்போது ஏறக்குறைய பாதிச் சார்ஜில் இருப்பதே நல்லது. திருப்பித் தருபவர்கள் மரியாதைக்காக முழுதாக ஏற்றிக் கொடுப்பார்கள், இந்த விஷயத்தில் அந்த மரியாதை வேண்டாம். அதனால் படிவத்தில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது: திருப்பும்போது பேட்டரியில் எத்தனை விளக்கு எரிகிறது? நான்கில் இரண்டு எரிந்தால் அப்படியே அலமாரிக்குப் போகும். சார்ஜர் என்னிடமே இருக்கும். எடுக்கிறவர் முந்தின நாள் சொன்னால் ஏற்றி வைப்பேன். உரியவருக்கு இது சம்மதம் என்றால் அடுத்த எண்ணை ஒட்டிவிடலாம்.